பிழை இருபத்தொன்று

மூன்று விநாடி தள்ளும், பிறகு கைவிடும்.
திரையில் வேகம் பூச்சியம்.
அதற்குக் கீழே சிவப்பில் இருபத்தொன்று.

'சவிட்டிச் சவிட்டி முட்டு கழண்டு போச்சுக்கா'
என்கிறான் ஜெரிஷ்.
பேச்சிப்பாறையில் ஆறு மின்சார மலைவண்டிகளை
வாடகைக்கு விடும் வின்சிலாஸ் சாரிடம்
வேலைக்கு நிற்கிறான்.
குலசேகரம், திருவட்டார் வழியாக
மினிலாரியில் ரப்பர் ஷீட் கட்டுகளுக்கிடையே
வண்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.
சீட்டிலும் அவன் சட்டையிலும் ஒரே புகைவாடை.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே என் கடை.
மேலே லாரி போனால்
ஆணியில் தொங்கும் ஸ்பேனர்கள் ஆடும்.

பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன்.
நன்றாகவே சுற்றுகிறது.
எண்ணத்தான் ஆளில்லை.

வேக சென்சார் பெரிய சாமானில்லை.
சட்டத்தில் கட்டைவிரல் அளவு கறுப்புப் பெட்டி,
எதிரே ஆரக்கம்பியில் ஒரு காந்தம்.
காந்தம் கடக்கும்போதெல்லாம்
பெட்டிக்குள் இரண்டு மெல்லிய தகடுகள்
தொட்டு விலகும்.
அந்தத் தொடுதலை நம்பித்தான் மோட்டார் வேலை செய்கிறது.
தொடாவிட்டால்
நீ மாறாமலை உச்சியில் நின்றாலும்
அதன் கணக்கில் இன்னும் கிளம்பவில்லை.

புதுசு போடலாம். கோயம்புத்தூரிலிருந்து வர நான்கு நாள்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
எனக்கு முதலில் பார்க்கவேண்டும்.

காந்தத்தின் திருகு தளர்ந்து
இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.
அதன்மேல் தாடிபோல் கறுப்பாக ஏதோ.
சேறென்று நினைத்தேன்.
சேறு துடைத்தால் போய்விடும்.
இது விரலுக்கு வழிவிட்டு
மறுபடி எழுந்து நின்றது, மணிமணியாய், முள்முள்ளாய்.

கருமணல்.

பேச்சிப்பாறையில் செம்மண் உண்டு, அட்டை உண்டு,
டயரில் ஒட்டி உருளும் ரப்பர்பால் உண்டு.
இது மணவாளக்குறிச்சிக் கரையில் கிடப்பது.

இணைப்பைக் கழற்றினால் செம்பில் பச்சை பூத்திருக்கிறது.
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்,
கெட்ட பழக்கம்தான்.
மலைமழை கரிக்காது.

'வண்டி கடலுக்குப் போச்சா?'
'இல்லக்கா. மலையில மட்டும்தான்.'
பில்லுக்கு ஊர் கேட்டேன்.
'சின்னவிளை' என்றவன்
ஸ்பேனர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.
'ஓடின கிலோமீட்டர் இதுல காட்டுமாக்கா?'

ஒரு ராத்திரியில் நாற்பது கிலோமீட்டர் கீழே.
திரும்பும்போது காந்தம் நழுவ,
இருபத்துநாலு கிலோ வண்டியை
அணைக்கட்டு வரைக்கும் காலாலேயே.
முட்டு கழண்டது அங்கேதான்.
யாரைப் பார்க்கப் போனான் என்று கேட்கவில்லை.
சென்சாருக்குத் தேவைப்படாத தகவல் அது.

'இறங்கினது இருக்கும்' என்றேன்.
'ஏறினது இருக்காது.'
லேப்டாப்பை மாட்டி அழிக்கவும் முடியும்.
அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செல்லோடேப்பால் மணலை ஒற்றி எடுத்தேன்.
ஸ்பிரிட்டில் நனைத்த பல்துலக்கியால் பச்சையைத் தேய்த்தேன்.
மீட்டரைத் தொடவைத்துச் சக்கரத்தை மெல்ல நகர்த்த
கீச்.
இன்னொரு சுற்று. கீச்.
தகடுகள் சாகவில்லை, காந்தத்துக்குத்தான் காத்திருந்தன.
மூன்று பத்துரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி விட்டு
திருகை இறுக்கினேன்.

பில்லில் காரணம் என்ற கட்டம் ஒன்று உண்டு.
மழை என்று எழுதினேன்.
முழுப் பொய்யில்லை,
அந்த ராத்திரி வழியில் எங்காவது தூறியிருக்கும்.

பாலத்தூண்களைச் சுற்றி ஓட்டிப் பார்த்தான்.
நாலு, ஒன்பது, பதினாலு.
'எண்ணுதுக்கா!'
மினிலாரிக்குச் சொல்லட்டுமா என்றதற்கு
'வேண்டாம், சவிட்டியே போறேன்' என்று
ஆற்றூர்ப் பக்கம் திரும்பினான்.
வின்சிலாஸ் சாரின் நோட்டில்
நாற்பது கிலோமீட்டர் இடிக்கும்.
அதற்கு அவனே ஏதாவது சொல்லிக்கொள்வான்.

செல்லோடேப் துண்டு இன்னும் மேசையில் கிடக்கிறது.
பழைய காந்தம் ஒன்றை அடியில் கொண்டுபோனால்
மணல் எழுந்து நிற்கிறது.